அப்பாவின் முதுகில் ஆரஞ்சுப் பை

சேன் ஷெலி,
செவ்வாய், மழை விட்ட மாலை.

அன்புள்ள அக்கா மாத்தில்துக்கு,

தங்கை நொயெமி எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். உன் வீட்டில் அத்தானின் முதுகுவலியும் பிள்ளைகளின் இருமலும் இந்தக் கடிதம் வருவதற்குள் அவரவர் வழியில் கிளம்பிப் போயிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் பேசாமல் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கடிதம்தான்.

முதலில் உட்கார்.

அப்பா இன்று முழுக்கத் தன் பையைத் தானே சுமந்து நடந்தார்.

தெரியும். இந்த நடை யாத்திரைக்கு நீ போட்ட ஒரே நிபந்தனை அதுதான். "நடக்கட்டும், வேணாங்கல. ஆனா ஆபரேஷன் பண்ணின நெஞ்சு. பை விடுதிக்கு விடுதி போற வேன்லதான் போகணும். மீறினா மலை வீட்டை வித்துட்டு இங்க என் தெருவுக்கு வந்துடணும்." லிஃப்ட் வைத்த ஃப்ளாட். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஃப்ளாட். விறகுக் கூடையை மாடிக்குத் தூக்க முடியாதவர் மலையில் தனியாக இருக்கக்கூடாது என்பது உன் கட்சி. நான் மறக்கவில்லை. அப்பாவும் மறக்கவில்லை. மறக்காததால்தான் செய்தார்.

காரணம் ப்ரெஷே என்கிற ஆள். லியோனில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நேற்று நஸ்பினால் ஊர் விடுதியில் சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, ரொட்டியைத் தீர்ப்பு மாதிரி பிய்த்துக்கொண்டே, "முதுகுல பை தூக்கறதுக்குக் கழுதை இருக்குங்க. நானெல்லாம் வெறுங்கையோட நடக்கறவன். நீங்களும் வேன்தானே? நம்ம வயசுக்கு அதுதான் சரி" என்றார். நம்ம வயசு. அப்பா சூப்பைக் குடித்தார். அப்பா பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் வழக்கம்போல வேனில் போகிற பைகளை எல்லாரும் வாசல் நடையில் வரிசையாக வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஆளின் பெயரும் அடுத்த விடுதியின் பெயரும் எழுதிய சீட்டு, வெளியே மழை, அதனால் எல்லாப் பைக்கும் மழையுறை, பாதிக்கு மேல் ஆரஞ்சு, நடையில் விளக்கு எரியவில்லை, நான் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்தால் அப்பா பையைத் தோளில் ஏற்றிவிட்டார், சீட்டைப் பிய்த்து கணப்படுப்பில் போட்டுவிட்டார், கதவைத் தாண்டிவிட்டார்.

"அப்பா! அக்கா என்ன சொன்னா?"

"அவ மோன்பெல்லியேல இருக்கா. நான் இங்க இருக்கேன். வா."

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அவர் முதுகு நேராக இருந்தது, அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படிப் பார்க்கவே இல்லை.

மாத்திரைகள் என் சட்டைப் பையில். பதறாதே.

ஓப்ராக் மேட்டில் மறைக்க எதுவும் கிடையாது. புல், கல் சுவர், வானம். மழை மேலிருந்து வராமல் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா முன்னால், நான் பின்னால். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கினார். "ராத்திரி பை ஈரத்தைக் குடிச்சிருக்கு. நேத்து நடையில வைக்கறப்ப இவ்ளோ கனம் இல்ல" என்றார். நான் தூக்கட்டுமா என்று கேட்டேன்.

"உன் ஆராய்ச்சியவே இன்னும் உன்னால தூக்கி நிறுத்த முடியல. வந்துட்டா."

என் ஆய்வு மௌனத்தைப் பற்றியது. பதில் சொல்லாமல் அதைத் தொடர்ந்தேன்.

எங்கே போனாலும் டங், டங் என்று பின்னால் ஒரு சத்தம். மாட்டு மணி என்று முடிவு செய்தோம். மூடுபனியில் மாடு தெரியவில்லை, சத்தம் மட்டும் விடாமல் வருகிறது, நாங்கள் நின்றால் அதுவும் நிற்கிறது. "மரியாதை தெரிஞ்ச மாடு" என்றார் அப்பா. அந்த மாட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கம்பத்தில் ‘இது வழி இல்லை’ என்று போட்டிருந்த சிவப்பு வெள்ளைப் பெருக்கல் குறியைத் தவறவிட்டு, போகக்கூடாத பாதையில் போய், ஒருவருடைய தோட்டத்தில் முட்டைக்கோஸ்களுக்கு நடுவில் நின்றோம், வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து, "புனித யாத்திரையா, திருட்டா?" என்று கத்தினாள், அப்பா தொப்பியைக் கழற்றி, "இன்னும் முடிவு பண்ணல மதாம்" என்றார், அவள் சிரித்துவிட்டு வேலி வழியாக வழி காட்டினாள், அந்த வேலியில் மாட்டிக் கிழிந்தது என் கால்சட்டை, அப்பாவுடையது அல்ல.

கல் சுவரோரம் நின்றபடியே சாப்பாடு. ரொட்டியும் தொத்திறைச்சியும் என் கோட்டுப் பையில் இருந்தன. பையை இறக்கச் சொன்னேன். "இறக்கினா மறுபடி ஏத்த முடியாது" என்றார். கெஞ்சலாக இல்லை. வண்டியைப் பற்றிய ஒரு தகவல் போல.

பிறகு, நான் கேட்காமலே:

"சரக்கு ரயில் ஓட்டறவனுக்குப் பின்னால என்ன இருக்குன்னே தெரியாது. கோதுமையோ, கல்லோ. இழுக்கணும். அவ்ளோதான்."

நாற்பது வருடம் ரயில் ஓட்டியவர் தன் வேலையைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றியது. கை விறைத்திருந்தது.

ஓப்ராக்கிலிருந்து இறக்கம். முழுக்கச் சேறு. நான் இரண்டு முறை விழுந்தேன். என் முழங்காலுக்கு வயது இருபத்தேழு. அவர் விழவில்லை. பக்கவாட்டில் கால் வைத்து, குச்சியை முன்னால் ஊன்றி, முனகி, திட்டி, யாரைத் திட்டுகிறார் என்று கேட்டால், "உங்க அக்காவ" என்று சொல்லி, இறங்கினார். பாலத்தருகே ப்ரெஷே எங்களை முந்தினார். வெறுங்கை. அப்பாவின் முதுகைப் பார்த்து அவர் நடை ஒரு கணம் தடுமாறியது. அந்த ஒரு கணத்துக்காக நான் இன்னொரு முறைகூட விழுவேன்.

விடுதிக்கு வந்தோம். அங்கே கலவரம். வேன் வந்து போயிருந்தது, ப்ரெஷேவின் பை வரவில்லை. நடையில் சொந்தக்காரர் இல்லாத ஓர் ஆரஞ்சுப் பை கிடந்தது, சீட்டில் பெயர் மழையில் கரைந்திருந்தது. அவர் அதைக் காலால் நகர்த்தி, "இது என்னுது இல்ல! என்னுது பெருசு!" என்று விடுதிக்காரம்மா வியோலேத்திடம் கத்திக்கொண்டிருந்தார். அந்தம்மா அசரவில்லை. "கத்தினா பை வராதுங்க. சூப்புதான் வரும். உக்காருங்க."

அப்பா நடையில் நின்றபடியே, முதுகில் பையோடு, நிதானமாகச் சொன்னார்:

"தன் பையத் தானே தூக்கறவனுக்கு இந்தத் தொல்லையே கிடையாதுங்க ஐயா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் கைதட்டினாள். அப்பா பையை மாடிக்கும் தானே கொண்டுபோனார். கவனி: மாடிக்கு. இரண்டு மாடி. இறங்கி வந்து, பாலாடைக்கட்டி சேர்த்து இழுத்த உருளைக்கிழங்குக் களியை மூன்று தட்டு சாப்பிட்டார்.

உன் நிபந்தனையை மீறினோம். மறைக்கவில்லை. ஆனால் நீ அவரைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு நம் அப்பாவைப் பற்றிப் பெருமையாக இருக்கிறது, இதை இதுவரை எந்த மொழியிலும் நான் எழுதியதில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குக் கன்னத்துக்கு ஒரு முத்தம். உனக்கு, கோபம் தணிந்த பிறகு எடுத்துக்கொள்ள, இரண்டு.

உன் தங்கை,
நொயெமி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மாடியிலிருந்து அப்பா கத்தினார். ஓடினேன். காலுறை மாற்றப் பையைத் திறந்திருக்கிறார். உள்ளே: கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைகள், ஹேர் டிரையர், இரண்டு பாட்டில் ஒயின், பெத்தாங் விளையாடும் இரும்புக் குண்டுகள் ஒரு முழு செட். டங், டங். எங்களைத் தொடர்ந்து வந்த மாடு இதுதான்.

இருட்டில், கண்ணாடி போடாமல், அப்பா பிய்த்தது நீதிபதியின் சீட்டை. கீழே காலால் தள்ளப்பட்டுக் கிடந்தது அப்பாவின் பை. அது வேனில்தான் வந்திருக்கிறது. ஆகவே, அக்கா, உன் நிபந்தனை மீறப்படவே இல்லை. மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடு.

பையைத் திருப்பிக் கொடுத்தோம். ப்ரெஷே கத்துவதற்கு வாயைத் திறந்தபடியே அதைத் தூக்கினார். உடனே கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்தார். வாயை மூடினார். ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்தார். இப்போது இருவரும் கீழே குண்டு விளையாடுகிறார்கள், அப்பா ஏமாற்றுகிறார், நீதிபதிக்கு இன்னும் தெரியவில்லை.

அப்பா உன்னிடம் சொல்லச் சொன்னது இதுதான்: "விறகுக் கூடை இதுல பாதி கனம்கூட இல்லன்னு மாத்தில்துகிட்ட சொல்லு. நம்பலன்னா, முதுகுவலி சரியானதும் மாப்பிள்ளைய அனுப்பி மாடிக்குத் தூக்கிப் பாக்கச் சொல்லு. அதுவரைக்கும் ஃப்ளாட் பத்திரத்துல ஒரு கையெழுத்தும் போட வேணாம்."