இரட்டைப் பதிவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியமா என்றால், எந்த நான் என்று திருப்பிக் கேட்க வேண்டிய நிலைமை.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எங்கள் கம்பெனி டேட்டாபேஸில், பிறந்த தேதியோடு அறுபது வருஷத்தைக் கூட்டி ஓய்வுத் தேதி சொல்லும் கட்டளையை எழுதியவர் நீங்கள். 3-11 என்று நான் கொடுத்த நவம்பர் மூன்றாம் தேதியை அது மார்ச் பதினொன்று என்று படித்து, எட்டு மாதம் முன்னாலேயே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நான் புலம்பிய பிறகு, போன திங்கட்கிழமை அதைத் திருத்தினீர்கள். மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஆபீஸ் போனால், வாசல் மிஷினில் விரல் வைத்ததும் சிவப்பு விளக்கு. "என்ன சார், எட்டு அம்பத்தெட்டுக்கே உள்ள போயிட்டீங்க, மறுபடி ஏன் வைக்கிறீங்க?" என்கிறார் காவலாளி. "நான் இப்பதாங்க வரேன்" என்றால், "காலங்காத்தால விளையாடாதீங்க சார்" என்று சிரிக்கிறார். கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். என் நாற்காலியில், நான் போட்டிருந்த அதே நீலச் சட்டையோடு, என் வழுக்கை. பக்கத்து மேஜைக்காரரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்தில் அந்த மனுஷரை நான் ஒரு தடவைகூடச் சிரிக்க வைத்ததில்லை. வயிற்றெரிச்சலா பயமா என்று தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் அது வீட்டுக்கே வந்துவிட்டது. உங்கள் அத்தை அதற்குத்தான் தட்டு வைத்தாள். "இங்க பாரு, நான் இங்க நிக்கிறேன்" என்று கத்தினேன். அவள் அதற்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். இவள் எப்போதுமே என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவள் என்பதால், காலையில் காவலாளி கண்ணில் பட்ட நான்தான் சாயங்காலத்துக்குள் காணாமல் போயிருக்கிறேன் என்று புரியவே மூன்று நாள் ஆனது. மகளுக்குப் போன் போட்டால் "ஹலோ, யாருங்க? பேசுங்க!" என்று வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளை, மாதத்தின் கடைசி நாள் எது என்று தானாகவே கணக்கிட்டு, அன்றைக்கு இரட்டைப் பதிவுகளைத் தேடி, பழையதை அழித்துப் புதியதை வைத்துக்கொள்ளும் கட்டளையும் உங்களுடையதுதானே? நீங்கள் தேதியைத் திருத்தியபோது என் பேரில் புதிதாக இன்னொரு பதிவு உண்டாகிவிட்டது; பழையது நான். நாளைக்கு முப்பத்தொன்று. எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை வேண்டாம், நாற்காலி வேண்டாம், அந்த ஆளே உத்தியோகம் பார்க்கட்டும். வீட்டில் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகிறேன், அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்திவிடுங்கள். கடிதம் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று கூட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பேத்திக்கு என் முத்தங்கள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் ஆளுக்கு ஒரே பதிவோடும் வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. இன்று தேதி ஒன்று. இந்த வெள்ளைத் தாள் மேஜைமேல் கிடந்தது. மேலே எழுத்து எதுவும் இல்லை, பேனா அழுத்திய தடம் மட்டும் இருக்கிறது. அதனால் கீழே எழுதுகிறேன். உங்கள் மாமா நல்ல சௌக்கியம், ஆபீஸ் போயிருக்கிறார். நவம்பரில்தானே ஓய்வு, இந்த வருஷம் ஒருநாள்கூட லீவு போடவில்லை. எனக்குத்தான் காலையிலிருந்து மனசு என்னமோ போல இருக்கிறது. அவரை அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்கு ரெண்டு டம்ளர் டீ போட்டுவிட்டேன். இரண்டாவது யாருக்கென்று தெரியவில்லை, எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.