கார் இல்லாதவர் கட்டணம்

வாசலில் ஒரு நீல நிறக் கார் நின்றது. அதன் நெற்றியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்த கத்திரி அப்படியே நின்றுவிட்டார்.

"யாருதுங்க இது?" என்றாள் பின்னால் வந்த மனைவி.

"எவனோ நம்ம வாசல்னு கூடப் பார்க்காம நிறுத்திட்டுப் போயிருக்கான். இரு, காத்தைப் பிடுங்கி விடறேன்."

"அய்யோ, சும்மா இருங்க! ரிப்பன்ல ஏதோ அட்டை தொங்குது பாருங்க."

அவளே போய்ப் படித்தாள். "என் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் இருபத்தஞ்சாவது கல்யாண நாள் பரிசு. இனிமே பஸ்ல தொங்க வேண்டாம்."

அட்டையோடு சாவியும் தொங்கியது.

"எங்கண்ணன்!" என்றாள் மனைவி. பாதி பூரிப்பு, பாதி பீதி.

"உங்கண்ணனேதான்" என்ற கத்திரி, வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் தெருவுக்கே இனிப்புக் கொடுத்திருப்பார்கள். ஆனால் மறுநாள் காலை படகுக் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது. இந்த வீட்டில் கார் இல்லை என்பதை நேரில் பார்த்துவிட்டுப் போக.

விஷயம் இதுதான். கரையிலிருந்து ஒரு பகல் நேரப் படகுப் பயணத்தில் ஒரு எரிமலைத் தீவு இருக்கிறது. கறுப்பு மணல், கத்தி மாதிரிப் பாறைகள், உச்சியில் எந்நேரமும் லேசாகப் புகை. ரோடு என்று ஒன்று கிடையாது. அதனால் கார் கிடையாது, ஹாரன் கிடையாது. பார்க்க வேண்டியதையெல்லாம் நடந்துதான் பார்க்க வேண்டும். பஸ் டிப்போவின் வாசலுக்கு நேர் எதிர் ஜன்னலில் உட்கார்ந்து பாதி ஆயுளை டீசல் புகையிலும் ஹாரன் சத்தத்திலும் கழித்த கத்திரிக்கு அதுதான் சொர்க்கம். கண்ணை மூடினால் அந்தத் தீவுதான் தெரியும். திறந்தால் டிப்போ.

முழுக் கட்டணம் என்றால் மெத்தையிலிருந்து மிக்ஸி வரை விற்றாக வேண்டும். ஆனால் படகுக் கம்பெனியில் 'கார் இல்லாதவர் கட்டணம்' என்று ஒன்று உண்டு. சொந்தக் கார் இல்லாத குடும்பத்துக்குக் கால் பங்கு விலைதான். தங்குவதற்குக் குடிசை இலவசம். எழுதிப் போட்டார், கிடைத்துவிட்டது. வீட்டுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டால் டிக்கெட் கையில்.

மனைவி அன்றே நடைப்பயணத்துக்கு ஷூ வாங்கிவிட்டாள். அது பழக வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டுதான் சமைத்தாள். பழைய திரைச்சீலையை வெட்டி முதுகில் மாட்ட இரண்டு பைகள் தைத்தாள். கல்யாணமான புதிதில் "எங்கேயாவது கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் சொன்ன வாக்கு அந்தப் பைகளில்தான் வந்து நின்றது.

லீவுதான் கொஞ்சம் இழுத்தது. பஸ் கம்பெனியில் டைம்டேபிள் பிரிவு அவருடையது. நஷ்டத்தில் ஓடும் ரூட்டுகளைக் கண்டுபிடித்து வெட்டுவதால்தான் 'கத்திரி' என்று பெயரே வந்தது. "லீவுதானே, தாராளமா போங்க. போறதுக்கு முன்னாடி ஒரு ரூட்டை மட்டும் வெட்டிட்டுப் போங்க. மேலிடத்துல கேக்கறாங்க" என்றார் மேனேஜர். போன மாதம், மழை கொட்டிய ஒரு சாயங்காலம், கத்திரி குடையோடு போய் உப்புக் கிடங்கு பஸ்ஸில் எட்டிப் பார்த்தார். கடைசி சீட்டில் கண்டக்டர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் இல்லை. மறுநாள் அந்த ரூட் காலி. அன்றே லீவும் கிடைத்தது.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் இந்தக் கார்.

"உங்கண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்" என்றார் கத்திரி.

"சொல்லித்தான் பாருங்க. கால் பங்கு டிக்கெட்டுக்காக நான் குடுத்த காரை வேண்டாம்னுட்டாங்கன்னு அண்ணன் சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம போன் போடும். அப்புறம் முழு டிக்கெட்டை நானே தரேன்னு வந்து நிக்கும்."

"தரட்டுமே?"

"தந்துட்டுக் கூடவே வரும். குடும்பத்தோட."



மச்சான் பழைய கார் வாங்கி விற்பவர். உலகத்தில் எல்லாக் கவலைக்கும் காரணம் சரியான கார் அமையாததுதான் என்று நம்புகிறவர். கத்திரி அவருக்குப் போன் போட்டார்.

"மச்சான், கார் ரொம்ப அருமை. ஆனா எங்களுக்குச் சரிப்படாது. எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஏன் மாப்ளே, கலர் பிடிக்கலையா?"

"கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்? சின்னதா இருக்கா?"

காரணம் தேடிக்கொண்டிருந்தவருக்குக் காரணமே கையில் வந்து விழுந்தது. "ஆமா மச்சான்! கரெக்டா சொன்னீங்க. உக்காந்தா முட்டி இடிக்குது."

"இதைச் சொல்ல இவ்வளவு கூச்சமா? விடுங்க, புரிஞ்சுபோச்சு. நாளைக்கு நான் பார்த்துக்கறேன்."

"நாளைக்கா? இன்னிக்கே முடியாதா?"

போன் வைக்கப்பட்டிருந்தது.

"நாளைக்கு எப்ப வருமோ" என்றாள் மனைவி. "படகுக்காரங்க காலையிலேயே வந்துட்டா?"

"அதுக்குள்ள மறைச்சிடுவோம். பக்கத்துத் தெரு பல் டாக்டர் வீட்ல ஷெட் சும்மாத்தானே கிடக்கு?"

"ஓட்டறது யாரு?"

இருவருக்கும் ஓட்டத் தெரியாது.

"தள்ளிட்டுப் போவோம். என்ன, பீரோவைத் தள்ளினதில்லையா?"

கத்திரி கதவைத் திறந்து, பட்டன் பட்டனாக அமுக்கி, வைப்பரை ஓடவிட்டு, விளக்கு போட்டு, கடைசியில் பிரேக் கம்பியைக் கண்டுபிடித்து இறக்கினார். ரேடியோ தானாகவே பாட ஆரம்பித்தது. அதை நிறுத்தத் தெரியவில்லை. இருவரும் பின்னால் நின்று தள்ளினார்கள். கார் அசையவில்லை. இன்னும் தம் பிடித்துத் தள்ளினார்கள். அசைந்தது.

தெரு சரிவானது என்பது நடக்கும்போது தெரிவதில்லை.

"ஏங்க, பிடிங்க! பிடிங்க!"

"எதைப் பிடிக்கறது?"

காரோ பாடிக்கொண்டே போனது. பின்னால் கத்திரி லுங்கியோடும், அவர் மனைவி மலையேறும் ஷூவோடும் ஓடினார்கள். தெருமுனையில் பஸ் நிறுத்தக் கம்பத்தில் லேசாக முட்டி, மெயின் ரோட்டை அழகாக மறித்துக்கொண்டு கார் நின்றது. அந்தப் பக்கம் ஒரு பஸ், அதன் பின்னால் இன்னொன்று, பிறகு ஊரில் இருந்த எல்லா ஹாரன்களும்.

முதல் பஸ்ஸின் டிரைவர் தலையை நீட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம கத்திரி சாரு! கார் வாங்கிட்டீங்களா? எங்க ரூட்டையெல்லாம் வரிசையா வெட்டிக்கிட்டே போகும்போதே நெனச்சேன்!"

"இது என்னுது இல்லப்பா..."

"ரிப்பன் கூட அவிழ்க்கலை, இல்லைங்கறாரு!" என்றார் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரித்தது.

"சிரிச்சது போதும், கொஞ்சம் கை குடுங்க!" என்று அதட்டினாள் மனைவி.

ஆட்கள் இறங்கினார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "எங்க சார் விடணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், உற்சாகமாகக் காரைச் சரிவில் மேலே தள்ளி, பழையபடி அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திக் கைதட்டிவிட்டுப் போனார்கள். கத்திரி உள்ளே குனிந்து பிரேக்கை இழுத்தார், ஒருவழியாக ரேடியோவை அணைத்தார், மறுபடி உருண்டுவிடக்கூடாதே என்று எல்லாக் கதவையும் பத்திரமாகப் பூட்டிச் சாத்தினார்.

"சாவி எங்கங்க?" என்றாள் மனைவி.

இருவரும் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள். சாவி டிரைவர் சீட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் மேனேஜர் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டிலிருந்த மிச்சத் திரைச்சீலைகளையெல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்துக் காரை மூடினார்கள். மூடிய பிறகு அது, பூப்போட்ட துணியால் மூடிய கார் மாதிரியே இருந்தது.

மறுநாள் காலை டீ போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் கேட்டது. கத்திரி ஓடினார்.

நீலக் காருக்குப் பக்கத்தில், அதைப்போல இரண்டு மடங்கு பெரிய கறுப்புக் கார் ஒன்று நின்றது. அதிலிருந்து மச்சான் இறங்கினார்.

"இதுல உக்காந்து பாருங்க மாப்ளே. முட்டி இடிச்சா என் பேரை மாத்திக்கறேன்."

"மச்சான், முதல்ல அதை எடுத்துட்டு..."

"எதுக்கு அவசரம்? ரெண்டும் நிக்கட்டும். தங்கச்சி ஏறிப் பார்த்து எது பிடிக்குதோ அதை வச்சுக்கட்டும். இது என்ன, காருக்குப் பாவாடை கட்டியிருக்கீங்க?"

"அண்ணா, தயவு செஞ்சு ரெண்டையும்..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"வணக்கம்!" என்றது ஒரு குரல்.

வெயிலில் கறுத்த முகமும் ரப்பர் செருப்பும், தோளில் ஒரு பையுமாக ஒரு பெண், இரண்டு கார்களுக்கும் நடுவில் இருந்த சந்தில் நின்றிருந்தாள். பையில் புகை விடும் மலையின் படம்.

"படகுக் கம்பெனியிலருந்து வரேன். இங்க கார் இல்லாத வீடு எதுங்க?"



"இதுதான்" என்றார் கத்திரி, கிணற்றுக்குள்ளிருந்து.

அவள் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். "அப்ப இதெல்லாம்?"

"எங்களுது இல்லம்மா."

"என்ன மாப்ளே இப்படிச் சொல்றீங்க!" மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டும் இவங்களுதுதாம்மா. ஒண்ணை வச்சுக்கட்டும், ரெண்டையும் வேணா வச்சுக்கட்டும். என் தங்கச்சிக்கு நான் செய்யாம யார் செய்வா?"

படகுக் கம்பெனிப் பெண் பெருமூச்சு விட்டு, பையிலிருந்து எடுத்த இரண்டு டிக்கெட்டுகளை மறுபடி பைக்குள் வைக்கப் போனாள். கத்திரி அந்த டிக்கெட்டுகளையே பார்த்தார். கறுப்பு மணல் கண்ணெதிரே பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இரும்மா!" என்றாள் மனைவி.

ஷூவோடு நான்கு படி இறங்கி வந்து அண்ணன் எதிரில் நின்றாள்.

"அண்ணா, எனக்குக் கார் வேண்டாம். சின்னதும் வேண்டாம், பெரிசும் வேண்டாம். நீ மனசு கஷ்டப்படுவியேன்னு நேத்துலருந்து நாங்க பட்ட பாடு தெருவுக்கே தெரியும். எனக்கு இவரோட அந்தத் தீவுக்குப் போகணும். கார் வச்சிருந்தா விட மாட்டாங்க. அவ்வளவுதான்."

"தீவுல போய் என்ன பண்ணுவ?"

"நடப்பேன்."

"நடக்கறதுக்கா காசு குடுத்துப் போறீங்க?"

"ஆமா."

மச்சானின் முகம் சுருங்கியது. "இத்தனை வருஷ வியாபாரத்துல என் காரை ஏறிக்கூடப் பார்க்காமலே வேண்டாம்னு சொன்ன ஒரே ஆளு, என் கூடப் பொறந்தவ."

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க..."

"பேசாதீங்க மாப்ளே! முட்டி இடிக்குதுன்னு பொய் சொன்னீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. நல்லா கேட்டுக்கங்க. இனிமே நீங்க நடுரோட்ல நின்னு கதறினாலும் என் கார் உங்களுக்காக நிக்காது!"

நீலக் காரின் கதவை இழுத்தார். திறக்கவில்லை. உள்ளே சாவியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். கறுப்புக் காரின் பின்னாலிருந்து கயிறு எடுத்து, கல்லால் கண்ணாடியைத் தட்டி உடைத்துப் பிரேக்கை இறக்கி, நீலக் காரைக் கறுப்புக் காரோடு கட்டினார். பூப்போட்ட திரைச்சீலை காற்றில் பறக்க, இரண்டு கார்களும் ஆமை வேகத்தில் கிளம்பின.

வாசல் காலியானது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படகுக் கம்பெனிப் பெண் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். வந்த காரைத் திருப்பி அனுப்பினவங்களை இப்பத்தான் பார்க்கறேன். இந்தாங்க" என்று டிக்கெட்டுகளைக் கத்திரியின் கையில் வைத்தாள். "வெள்ளிக்கிழமை சூரியன் வர்றதுக்குள்ள துறைக்கு வந்துடுங்க. இந்தப் பருவத்துக்கு இதான் முதல் படகு. தவறவிட்டா டிக்கெட் செல்லாது."

கத்திரி டிக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பல வருஷங்களுக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"கடலுக்கு அந்தப் பக்கம் நீங்க பார்த்துக்கங்க. இந்தப் பக்கம் பூரா நம்ம பஸ்தான். ராத்திரி ஓடற பஸ் வரைக்கும் எனக்கு மனப்பாடம். பெரிய துறைமுகம்தானே?"

"பெரிய துறைமுகத்துல எங்களை யார் சார் விடறா? எங்க படகு உப்புக் கிடங்குத் துறையிலருந்துதான் கிளம்பும். முன்னாடி அங்க ஒரே ஒரு பஸ் வந்துட்டிருந்தது. மழைக்காலத்துல படகு ஓடாது, அப்ப போய் பஸ்ல எட்டிப் பார்த்துட்டு ஆளே ஏறலைன்னு எவனோ ஒரு அறிவாளி அதை வெட்டி விட்டுட்டானாம். இனிமே எல்லாரும் கார்லதான் வந்து இறங்கணும். அதோ, உங்க மச்சான் இன்னும் தெருமுனை திரும்பலை, ஓடிப்போய்ப் பிடிங்க சார்!"