குடைக்குள் ரோஜாக் குச்சி

உலகத்தில் திருடர்கள் குறைவு. ‘நான் மாட்ட மாட்டேன்’ என்கிறவர்கள்தான் அதிகம். அந்த இனத்தில் ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். தண்டனை எத்தனை வருஷம் என்று இவர் கவலைப்படுவதில்லை. காவல்காரர் கண் அசரும் நேரம் தெரிந்தால் போதும்.

ஏற்காட்டுக் கணக்கு வாத்தியார் அருள்சாமிக்கு ஒண்டிக்கடைப் பக்கம் வீடு, வாசலெல்லாம் ரோஜா. அத்தனையும் தலைச்சோலை போகும் வழியில் இருந்த ஓர் எஸ்டேட் பங்களாவின் உபயம், பங்களாவுக்கே தெரியாமல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பங்களா அம்மா சாப்பிட உட்காரும் நேரம், காவல்கார அம்மாசி முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுக்கும் நேரம் எல்லாம் கணக்கிட்டு நுழைவார். பிளேடால் இரண்டு குச்சி வெட்டி, மடக்கிய குடைக்குள் செருகி, ஜெபமாலை உருட்டியபடி வெளியே வருவார். எட்டு வருஷம்!

நடுவில் பெருமாள் என்பவர் வேறொரு தோட்டத்தில் நாலு ஆரஞ்சோடு பிடிபட்டார். வாத்தியார் பாடம் கற்றாரா? “சட்டைப் பையில போட்டா மாட்டாம என்ன பண்ணுவான்? வெவரம் பத்தாதவன்” என்றார்.

எண்பத்து நாலு மே மாதம். குச்சியும் கையுமாக, மன்னிக்கவும், குடையுமாக அவர் திரும்பும்போது மழை கொட்டியது. குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தொப்பலாக நனைந்து நடந்தவரைப் பார்த்து அம்மாசி ஓடி வந்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, நொம்ப மழைங்க. குடைய விரிங்க.”

“நனைஞ்சா ஒடம்புக்கு நல்லதுங்க.”

“சளி புடிச்சுக்குமுங்க” என்று அம்மாசியே குடையை வாங்கி விரித்தார். இரண்டு குச்சிகளும் காலடியில் விழுந்தன. வேலை, மரியாதை, கோயில் பாட்டுக் குழு எல்லாம் ஒரே நொடியில் போனதாக வாத்தியாருக்குத் தோன்றியது.

அம்மாசி குனிந்து எடுத்துப் பார்த்தார். “போன வருசம் கொண்டுபோன ரோசாவேதானுங்க இது. வேர் புடிக்கலீங்களா?”

“தெ... தெரியுமா? எப்பருந்து?”

“மொத வருசத்துல இருந்துங்க. ‘வாத்தியாரு கேக்கக் கூச்சப்படறாரு, உட்ரு’ன்னு அம்மா சொல்லீட்டாங்க. கேட்டிருந்தா நானே உங்க ஊட்டுல வேரோட கொண்டாந்து நட்டிருப்பேனுங்க.”

குச்சிகளை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

அன்றோடு வாத்தியார் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மனைவி மரியபுஷ்பம் திட்டிக்கொண்டே தலை துவட்டிவிட, அந்தத் தலைக்குள் கணக்கு ஓடியது.

“எட்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் மாட்டறதுன்னா, இனி எட்டு வருசத்துக்குப் பயமில்ல புஷ்பம்!”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதை நூலகத்தில் படித்துவிட்டு, இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொள்ள, நூலகர் டீக்குப் போகட்டும் என்று காத்திருக்கும் அன்பரே, அவர் இன்றைக்கு டீக்குப் போவதாக இல்லை.