முன்தோலும் டிரைவர் வேலையும்

பொன்னமராவதி
14-7-1959

திருச்சி ரயில்வே உத்தியோகத்தில் சீரும் சிறப்புமாக இருக்கும் பெரியப்பா மகன் அண்ணன் உடையப்பன் அவர்களுக்கு, தம்பி அய்யாக்கண்ணு வணங்கி எழுதுவது. இங்கு ஆத்தாவும் நானும் சொர்ணமும் மூன்று பிள்ளைகளும் சௌக்கியம். அங்கு அண்ணியும் பிள்ளைகளும் தாங்களும் ஒரு குறையுமில்லாமல் இருக்க ஐயனார் அருள வேண்டும்.

நிற்க. நான் எழுதிக் கேட்டதற்கு, முன்தோல் இறுக்கமாக இருந்தால் உடனே அறுத்துவிடு, தாமதம் செய்யாதே என்று தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அறுக்கவில்லை. இதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பஸ் கம்பெனியில் என்னை டிரைவராக எடுத்து, உடம்பைக் காட்டச் சொன்ன இடத்தில் ஒரு கம்பவுண்டர், தோல் பின்னால் போகவில்லையே, இது வியாதி, டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார். இத்தனை வயது வரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன் அண்ணே, இதையெல்லாம் உங்களைத் தவிர யாரிடம் போய்க் கேட்பது? சோறு இறங்கவில்லை. ஆத்தா என்னவென்று கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன், கஷாயம் போட்டுக் கொடுத்தா, அதைக் குடிச்சு நெசமாவே வயித்துவலி வந்துருச்சு. கூட்டாளி நாகராசு ஒரு எண்ணெயைக் கொடுத்து, தடவிப் பலமா இழுத்துவிடுன்னான். சொர்ணம் அதைப் பிடுங்கி மாட்டுக்கொட்டகையில ஊத்திட்டா. அந்த நேரம் பாத்து ஒங்க கடிதாசி வருது, கைகால் ஓடலை. வேலையா, கத்தியா?

இனி யார் பேச்சும் வேணாம்னு ஒத்தை ஆளா பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். கீழராஜ வீதியில வயசான டாக்டர். அவர் முன்னாடி நான் நின்ன நிலையை நீங்க பாத்திருக்கணும், ஒரு நடுக்கம் கெடையாது. வலி உண்டான்னு கேட்டார், இல்லைங்க. ஒண்ணுக்குப் போறப்ப அடைக்குதா, தோல் உப்புதா, எரிச்சல், சீழ் ஏதாச்சும்? எல்லாத்துக்கும் இல்லைங்க, இல்லைங்கன்னு டாண் டாண்னு பதில். வீட்டுக்காரியோட இருக்கையில தொந்தரவு உண்டான்னார்.

"மூணு புள்ளைங்க இருக்குங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்பறம் சொன்னார்:

"ஒரு தொந்தரவும் இல்லாதப்ப கத்தி எதுக்குப்பா? பலவந்தமா இழுக்காதே. போற அளவுக்கு மெதுவாத் தள்ளித் தண்ணியில கழுவு, போதும். வலியோ வீக்கமோ அடைப்போ வந்தா அன்னைக்கே வா, அப்பப் பாத்துக்குவோம்."

சர்ட்டிபிகேட்டும் எழுதிக் கொடுத்துட்டார். நம்ம வகையறாவுல டாக்டர் வாயால பாஸ் வாங்கின மொத ஆள் நான்தான் அண்ணே. தெருவுல நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் நடக்கிறேன். என்ன பாஸ்னு கேக்குறவங்களுக்கு மட்டும் பதில் சொல்றதில்லை. திங்கக்கெழமை காக்கிச்சட்டை போட்டு வண்டி எடுக்கப்போறேன்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர வேண்டும்.

தங்கள் தம்பி,
அய்யாக்கண்ணு

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் சொர்ணம் வாங்கிப் படித்துவிட்டாள். திருத்தி எழுதச் சொல்கிறாள். அவளும் கூட வந்திருந்தாள். டாக்டர் கையுறையை எடுத்ததுமே எனக்குக் கண் இருட்டிவிட்டது. அவர் பார்த்தது, கேட்டது, சொன்னது எல்லாம் நான் பெஞ்சில் மயங்கிக் கிடந்தபோது நடந்தவை. பதில் சொன்னது முழுக்கச் சொர்ணம். முகத்தில் சோடா தெளித்த பிறகுதான் எழுந்தேன். டிரைவருக்கு மயக்கம் வரும் என்பது கம்பெனிக்குத் தெரிய வேண்டாம். படித்ததும் கிழித்துவிடவும்.