சம்பந்தப்பட்டவர் விரல் சப்புகிறார்

எங்கள் வீட்டுக் குட்டிக்கு வயது ஐந்து. ஐந்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது நாகரிக உலகம் ஒப்புக்கொண்ட வழக்கம். அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, நானும் அவள் தலையை வாரி, ரிப்பன் கட்டி, சேர்க்கையின் கடைசி நாளன்று பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஏன் கடைசி நாள் என்று என்னைக் கேட்காதீர்கள். என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

பள்ளி எழுத்தர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“மேடம், உங்க பொண்ணு வேலைக்குப் போறாங்களா?”

“பல் தேய்க்கவே போக மாட்டா.”

“இங்க இருக்கே. ஒரு கிடங்குல சரக்கு வண்டி ஓட்டறாங்க. டிரைவிங் லைசென்ஸ் இருக்கு, போன் கனெக்‌ஷன் இருக்கு. முழுநேர வேலையில இருக்கறவங்களுக்கு ஒன்றாம் வகுப்புல இடம் தர்றதில்லை. வேணும்னா முதியோர் கல்வி சாயங்காலம் நடக்குது.”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எழுத்தர் அசையவில்லை. “அடையாள அலுவலகத்துல போய்ச் சரி பண்ணிட்டு வாங்க. நாங்க மூடறதுக்குள்ள வந்தா இடம் உண்டு. இல்லேன்னா அடுத்த வருஷம்தான்.”

குழந்தைகள் அடையாளப் பாதுகாப்பு அலுவலகம் அடுத்த தெருவிலேயே இருந்தது. ‘உங்கள் பிள்ளையின் பெயர் உங்கள் பிள்ளைக்கே!’ என்று சுவரில் எழுதி, சிரிக்கும் குழந்தை ஒன்றை வரைந்திருந்தார்கள். அதற்குக் கீழே அதிகாரி உட்கார்ந்திருந்தார். சாந்த சொரூபி. இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“சார், யாரோ என் பொண்ணோட பேரைத் திருடிட்டாங்க.”

“திருட்டுன்னு சொல்லாதீங்க மேடம். ‘பெயரின் இரட்டைப் பயன்பாடு’ன்னு சொல்லணும். அதையும் சம்பந்தப்பட்டவர் நேர்ல வந்து சொல்லணும்.”

“இதோ நிக்கறாளே!”

அவர் மேசைக்கு மேலே எக்கிப் பார்த்தார். ரிப்பன் தெரிந்தது.

“சம்பந்தப்பட்டவரைக் கட்டைவிரலை இந்த மெஷின்ல வைக்கச் சொல்லுங்க.”

சம்பந்தப்பட்டவரின் கட்டைவிரல் வழக்கம்போல் வாய்க்குள் இருந்தது. பிடுங்கி எடுத்து, துடைத்து, மெஷினில் அழுத்தினேன். ஊறி ஊறி உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கிக் கிடந்த விரலை மெஷின் ஏற்க மறுத்தது.

“ரேகை ஒத்துப்போகலை. சரி, ரகசியக் கேள்வி கேட்டுப் பார்ப்போம். சம்பந்தப்பட்டவரே, தாங்கள் முதன்முதலில் ஓட்டிய வாகனம் எது?”

“அப்பா முதுகு” என்றாள் குட்டி.

“தவறான விடை.”

“ஏன் சார், இவளைப் பார்த்தா வண்டி ஓட்டறவ மாதிரியா இருக்கு?”

“தோற்றத்தை வெச்சு யாரையும் எடை போடக்கூடாதுன்னு எங்களுக்குப் பயிற்சியே கொடுத்திருக்காங்க. இன்னொருத்தங்க வந்தப்போ ரேகை, கையெழுத்து, போட்டோ எல்லாம் கச்சிதமா இருந்தது. வரிசையில நின்னாங்க. தேங்க்ஸ் சொன்னாங்க. விரல் சப்பலை.”

“பிறந்த தேதியைப் பார்த்தீங்களா? அஞ்சு வயசு!”

“பார்க்காம இருப்பேனா? ‘வயதுக்கு மீறிய வளர்ச்சி’ன்னு என் கைப்பட குறிப்பு எழுதியிருக்கேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டேன். “இதுக்கு வழியே கிடையாதா?”

“ஏன் கிடையாது? பூட்டு இருக்கே. பிள்ளை பேரைப் பூட்டி வெச்சுட்டா, அந்தப் பேர்ல யாரும் எதுவும் வாங்க முடியாது. பிறந்த அன்னிக்கே போடலாம். இலவசம்.”

“அதை ஏன் ஒருத்தரும் சொல்லலை?”

“கேட்டா சொல்லலாம்னு உத்தரவு. இதுவரைக்கும் யாரும் கேட்கலை.”

“இப்ப நான் கேட்கறேன். பூட்டுங்க!”

“தாராளமா. பழைய பதிவுகளை ரத்து பண்ணிட்டே பூட்டிடலாம். சம்பந்தப்பட்டவர் போனுக்கு ஒரு ஓடிபி போகும். அதைச் சொன்னா முடிஞ்சுது.” பொத்தானை அழுத்தினார். என் போன் மூச்சுவிடவில்லை.

“யாருக்கு அனுப்பினீங்க?”

“பதிவுல இருக்கற நம்பருக்கு.”

“அந்தத் திருடிக்கா?”

“இரட்டைப் பயனாளிக்கு” என்று திருத்திவிட்டு, அந்த நம்பரைக் கூப்பிட்டு, நான் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். “வணக்கம், அடையாள அலுவலகம். தங்களுக்கு வந்த ஓடிபியைத் தயவுசெய்து தெரிவிக்க முடியுமா?”

“யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதீங்கன்னு நீங்கதானே சார் விளம்பரம் போடறீங்க?” என்றது ஒரு பெண் குரல்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. போனைப் பொத்திக்கொண்டு, “பார்த்தீங்களா மேடம், எவ்வளவு விழிப்பு! ஊருக்கு நாலு பேர் இப்படி இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது” என்றார்.

போனைப் பிடுங்கினேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களை அதட்டிய குரலை அப்படியே எடுத்து விட்டேன். “யாருடி நீ, என் பொண்ணு பேர்ல வண்டி ஓட்டறவ?”

அந்தப் பக்கம் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “நீங்க அவ அம்மாவா?”

“ஆமா!”

“அப்பாடா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும் அக்கா, இந்தப் பேரைத் திரும்ப எடுத்துக்கோங்க. என்னால முடியலை. அஞ்சு வயசுன்னு பதிவுல பார்த்துட்டு, காலையில மனக்கணக்கு கிளாஸ்லேருந்து கூப்பிடறாங்க. மத்தியானம் கீபோர்டு கிளாஸ். அப்புறம் கையெழுத்துக்கு ஒண்ணு, கராத்தேக்கு ஒண்ணு, ரோபோ செய்யறதுக்கு ஒண்ணு. ‘உங்க குழந்தை இப்பவே பின்தங்கிட்டா’ன்னு வண்டி ஓட்டறப்போகூட மிரட்டறாங்க. இதுக்கு என் சொந்தப் பேரே தேவலைக்கா. அதுல போலீஸ் மட்டும்தான் தேடுது.”

ஓடிபியை மளமளவென்று ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அதிகாரியின் முகம் தொங்கிப்போனது. “வாய்விட்டுச் சொல்லிட்டாங்களே மேடம்! நல்லவங்கன்னு நெனச்சேன்.” துக்கத்தோடு லைசென்ஸை ரத்து செய்தார். கனெக்‌ஷனை ரத்து செய்தார். வேலையிலிருந்து குட்டியை விடுவித்தார். பூட்டைப் போட்டார்.

“இப்ப புகார் எழுதுங்க. அந்தப் பேர்ல ஊரை ஏமாத்தினவ மேல.”

“எழுதலாம். ஆனா அந்தப் பேர்ல இப்ப ஒருத்தர்தான் இருக்காங்க.” குட்டியைப் பரிதாபமாகப் பார்த்தார். “எழுதட்டுமா?”

குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

பள்ளி எழுத்தர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் என் காலை வைத்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர், “வேலையை விட்டுட்டாங்க போல. இடம் உண்டு” என்றார். எனக்கு உயிர் வந்தது.

வாசலில் ஒரே கூட்டம். ‘எங்கள் புதிய மொட்டுகள்’ என்று சுவர் அகலத்துக்குப் பலகை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்டோ, முழுப்பெயர், பிறந்த தேதி, அம்மா அப்பா பெயர், வீட்டு விலாசம், அடையாள எண். எல்லாம் வெளிப்படைத்தன்மைக்காகவாம். பெற்றோர்கள் முண்டியடித்துக்கொண்டு போனில் படம் பிடித்து, நின்ற இடத்திலேயே உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எழுத்தர் வந்து, கடைசியில் இருந்த காலி இடத்தில் குட்டியின் விவரங்களை மார்க்கரால் எழுதினார். பிறந்த மாதத்தைத் தப்பாக எழுதிவிட்டார்.

நான் விடுவேனா? மார்க்கரை வாங்கி, நாற்காலி போட்டு ஏறி, எதிர்த் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, தேதியைக் கொட்டை எழுத்தில் திருத்தினேன்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்” என்றார் பின்னாலிருந்த ஒரு அப்பா. “அடையாள நம்பர் மறையுது.”

தள்ளி நின்றேன்.