பாலவாக்கத்தில் என்னைக் கடத்தினார்கள்

மருத்துவ மிஷனெரி என்றால் பயம் அறியாத பிறவி என்று நம் சபைகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. விடுமுறையில் சென்னை வரும்போதெல்லாம் எங்களை மேடையேற்றிச் சால்வை போர்த்தி, "தம் உயிரையும் துச்சமாக எண்ணி" என்று ஆரம்பிப்பார்கள். அந்த வார்த்தை வந்ததும் என் மனைவி பியூலா குனிந்து கைப்பையில் எதையோ தேடுவாள். தேடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை; சிரிப்பை மறைக்கிறாள். என் உயிரை நான் எவ்வளவு உயர்வாக எண்ணுகிறேன் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

நான் பயந்தாங்கொள்ளி. இடி, லிஃப்ட், விமானம், கட்டிப்போடாத நாய், கட்டிப்போட்ட நாய் என்று எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் பயம் வராது. (அங்கே பயப்பட வேண்டியவர் மேஜையில் படுத்திருப்பார்.) இப்படிப்பட்டவன் காங்கோவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போக எப்படிச் சம்மதித்தான் என்று கேட்பீர்கள். ஆண்டவர் பியூலாவை அழைத்தார். பியூலா என்னை அழைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அவள் நர்ஸ். அங்கே பிரசவ வார்டுக்கு ஆள் இல்லை, அறுவை சிகிச்சைக்கும் ஆள் இல்லை என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து, அடையாறில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம்கூட ஆகாதவன் எதற்குத்தான் தலையாட்ட மாட்டான்?

தலையாட்டிய பிறகுதான் அந்தப் பகுதியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே ஆயுதக் குழுக்கள் டாக்டர்களைத் தூக்கிக்கொண்டு போவதுண்டு என்று இருந்தது. அன்றோடு என் தூக்கம் போயிற்று. "பியூலா, என்னால் முடியாது" என்று சொல்லிவிட நான் எத்தனையோ முறை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் எங்கள் கைக்குழந்தைக்குக் கொசுவலை தைத்துக்கொண்டோ, பெட்டி அடுக்கிக்கொண்டோ இருப்பாள். திறந்த வாயில் காபியை ஊற்றிக்கொண்டு திரும்பிவிடுவேன். கடைசியாக, புறப்படுமுன் எங்களை அனுப்பும் மிஷன் சங்கம் நடத்தும் பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

பயிற்சி பாலவாக்கத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தியான இல்லத்தில் நடந்தது. குழந்தையைத் தி.நகரில் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனோம். நடத்தியவர் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் நாள் காலை ஜெபம் முடிந்த கையோடு அவர் எங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தபடி, இங்கே இருக்கும் நாட்களில் ஏதாவது ஒரு வேளையில் உங்களில் சிலரைக் கடத்துவோம், எப்போது, யாரை என்று சொல்ல மாட்டோம் என்றார். ஒத்திகைதான், ஆனால் நிஜம்போலவே இருக்கும்.

பிறகு விதிகளைச் சொன்னார். ஓடாதே. எதிர்க்காதே. கண்ணைப் பார்க்காதே. கேட்பதற்கு முன்னால் வாட்சையும் போனையும் கொடுத்துவிடு. குடும்பத்தைப் பற்றிப் பேசு. நீயும் மனிதன்தான் என்று அவர்களுக்குப் புரியட்டும். எதற்கும் வாக்குக் கொடுக்காதே. டாக்டர்களைப் பொதுவாக அவர்களுடைய தலைவனுக்கு வைத்தியம் பார்க்கத்தான் தூக்குவார்கள், போய்ச் சேர்ந்ததும் மண்டியிட்டுக் கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டு. மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் யாரையும் நம்பவில்லை. சமையற்காரர் சாம்பார் ஊற்றும்போது அவர் கையைக் கவனித்தேன். தோட்டக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தால் வழியை மாற்றிக்கொண்டேன். இரண்டாம் நாள் தண்ணீர் கேன் போடுபவர் திடீரென்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது வாட்சைக் கழற்றி அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காலி கேன் எங்க சார்?" என்றார்.

மூன்றாம் நாள் காலை ஆடி வெள்ளிக்கிழமை. எங்கோ அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் விழித்திருந்த களைப்பில் தெருமுனை டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொன்னேன். டம்ளரை வாயில் வைக்கும்போது ஓர் ஆட்டோ பாய்ந்து வந்து நின்றது. தலையில் துண்டு கட்டிய இரண்டு பேர் இறங்கினார்கள். மூத்தவன் நேராக என்னிடம் வந்தான்.

"சார், அந்த ஜெப வூட்ல தங்கிக்கினு கீற டாக்டருங்கள்ல ஒருத்தரு தானே நீ?"

ஆமாம் என்றேன்.

"ஏறு சார். பேச நேரமில்ல."

என் கையைப் பிடித்து இழுத்தான். டீ மாஸ்டரைப் பார்த்தேன். அவரோ, "போ சார், சீக்கிரம் போ" என்று டம்ளரை வாங்கிக்கொண்டார். (மேஜர் இவரையும் விலைக்கு வாங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.) ஒத்திகைதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓடவில்லை. எதிர்க்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் வாட்சையும் போனையும் பக்கத்தில் இருந்த இளையவன் மடியில் வைத்தேன்.

"இது இன்னாத்துக்கு சார்?"

கண்ணைப் பார்க்கக் கூடாதே! என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குழம்பிப்போய் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது, உளறுகிறாள், பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, அது எங்கேயோ டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது என்று மூச்சு விடாமல் சொன்னான். 'அம்மா' என்பதுதான் என்னைக் கடத்தும் குழுத் தலைவியின் பட்டப்பெயர் என்று நான் புரிந்துகொண்டேன். ஒத்திகைக்கு இவ்வளவு விரிவாகக் கதை எழுதியிருக்கிறார்களே என்று வியப்பாகவும் இருந்தது.

குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. "எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு பெண் குழந்தை. இன்னும் பேச்சு வரவில்லை" என்றேன்.

"சந்தோசம் சார். அம்மாவுக்கு இன்னா பண்லாம்னு சொல்லு சார்."

"அதைப் பற்றி நான் எந்த வாக்கும் கொடுக்க முடியாது."

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் துண்டில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தான். நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

ஆட்டோ தார்ச்சாலையை விட்டு இறங்கி, வலைகள் காயும் மணல் சந்துக்குள் திரும்பியது. அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. ஒருவேளை இது ஒத்திகை இல்லையோ? நிஜமாகவே யாரோ என்னைத் தூக்கிவிட்டார்களோ? ஒத்திகை என்று நம்பியபோதே நடுங்கியவன், இப்போது எப்படி இருந்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.  காங்கோவுக்குப் போகாமலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே என் ஊழியம் முடியப்போகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு சின்ன வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. என்னை உள்ளே தள்ளினார்கள். பாயில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் கிடந்தாள். நான் தொப்பென்று மண்டியிட்டு, கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் மருத்துவப் பணியாளன். எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது" என்றேன்.

 பின்னாலிருந்து ஒரு பெண், "டாக்டரு வேண்டிக்கிறாருடி" என்று கிசுகிசுத்தாள். இரண்டு மூன்று பேர் தாங்களும் கைகூப்பினார்கள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. ஒரு நோயாளியின் முன்னால், ஒன்றும் செய்யாமல், என் உயிருக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் கையை வீசினாள். அது என் கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

கை சில்லென்று இருந்தது. ஈரமாக இருந்தது. எந்த நடிகராலும் அப்படி வியர்க்க முடியாது. தலைக்குப் பின்னால் இருந்த கைகள் தாமாகவே இறங்கி அவள் நாடியைப் பிடித்தன, அது படபடவென்று வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. புடவை தொப்பலாக நனைந்திருந்தது. சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டேன். உண்டு, மாத்திரை போடுகிறாள் என்றான் மூத்த மகன் மூர்த்தி.

"காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"ஒன்னும் துண்ல சார். ஆடி வெள்ளின்னு வெரதம். மாத்திரைய மட்டும் கரீட்டா போட்டுக்கிச்சு."

ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. உடனே சர்க்கரை கொண்டுவாருங்கள் என்று கத்தினேன். மூர்த்தி அசையாமல் நின்றான். "சுகரு வந்த வூடு சார். சர்க்கரையே வாங்கறதில்ல" என்றான்.

யார் யாரோ ஓடினார்கள். அதற்குள் அவள் கண்கள் மேலே செருக ஆரம்பித்தன. நினைவு முழுக்கத் தப்பிவிட்டால் வாய் வழியே எதுவும் கொடுக்க முடியாது. என்னிடம் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. பேர் என்ன என்று கேட்டுவிட்டு, "கன்னியம்மா, கண்ணைத் திறங்க, கன்னியம்மா" என்று அவள் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தேன். வாழ்நாள் முழுவதும் எனக்காகப் பயந்தவன்தான் நான். அன்று முதல் முறையாக இன்னொருவருக்காகப் பயந்தேன். அது அதைவிடப் பெரிய பயம். ஆனால் அதில் கை நடுங்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பிறந்தநாளுக்கு வாங்கி வைத்திருந்த சிவப்புக் கலர் சோடா பாட்டில் ஒன்று வந்து சேர்ந்தது. தலையைத் தூக்கிப் பிடித்து, கன்னத்தின் ஓரமாக ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினேன். விழுங்கினாள். பாதி என் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. நான் ஜெபித்தது அப்போதுதான். (கைகட்டி மண்டியிட்டபோது ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை.) பாட்டில் கால்வாசி குறைந்த பிறகு கன்னியம்மா கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யார்ரா இவன்? எம்மேல சாயத்த ஊத்திக்கினு கீறான்?"

வீடே அழுதுகொண்டு சிரித்தது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மேஜர் உண்மையிலேயே அன்று காலை என்னைத்தான் கடத்தத் திட்டமிட்டிருந்தார். டீக்கடைக்குச் சற்றுத் தள்ளி வேனில் கறுப்பு முகமூடியோடு இரண்டு இறையியல் மாணவர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே வேறு யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போனதும் திகைத்துப்போய் மேஜரிடம் ஓடியிருக்கிறார்கள். கடத்தலை எப்படிச் சமாளிப்பது என்று வகுப்பெடுத்த மேஜருக்கு வாய் குழறிவிட்டதாம். டீ மாஸ்டரிடம் வழி கேட்டு, பியூலாவையும் ஏற்றிக்கொண்டு அந்த மீனவர் குப்பத்துக்கு வந்தார்கள். அவசரத்தில் மாணவர்கள் முகமூடியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். வாசலில் முகமூடியோடு குதித்தவர்களைக் குப்பத்து ஆட்கள் அந்தக் கணமே மடக்கிப் பிடித்துவிட்டார்கள்.

பியூலா மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள். சட்டையெல்லாம் சிவப்பாகச் சுவரோரம் சரிந்து கிடக்கும் கணவனைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. ஓடிவந்து என் நெஞ்சைத் தடவிப் பார்த்து, கையை மோந்து பார்த்து, கலர் என்று தெரிந்ததும் அதே கையால் ஓர் அடி கொடுத்தாள். (அன்று எனக்கு விழுந்த இரண்டாவது அடி.)

எல்லாவற்றையும் மேஜர் விளக்கி முடித்தபோது மூர்த்தி சிரிக்கவில்லை. என் வாட்சையும் போனையும் தம்பியிடமிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எங்களப் பாத்தா ஆளத் தூக்கறவன் மாறியா கீது சார்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மாத்திரையால் இறங்கிய சர்க்கரை மறுபடியும் இறங்கும் என்பதால், ஆம்புலன்ஸ் வந்ததும் கன்னியம்மாவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போய், அவளை வார்டில் சேர்த்த பிறகுதான் திரும்பினேன். மேஜர் என்னிடம் வந்து, விதிகளை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த மாணவரை நான் பார்த்ததே இல்லை, வந்திருப்பவன் கடத்தல்காரன்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்ல மறந்துவிட்டேன் என்று வருத்தப்பட்டார்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் பியூலாவிடம் சொல்லிவிட்டேன். காங்கோ போக எனக்குப் பயமாக இருக்கிறது, ரொம்ப நாளாகவே பயமாக இருக்கிறது என்றேன். அவள் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும்தாங்க. உங்ககிட்ட சொன்னா நீங்க இன்னும் பயப்படுவீங்கன்னு சொல்லல."

"அப்ப என்ன செய்யலாம்?"

"பயந்துக்கிட்டே போலாம். பயம் போனப்புறம்தான் போகணும்னா உங்களுக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும்."

பயந்துகொண்டே போனோம். பயந்துகொண்டே வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த ஊரில் ஒரே ஒரு தடவை, ஒரு மத்தியான வேளையில், துப்பாக்கியோடு சிலர் வந்து என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குண்டடிபட்ட ஒருவனுக்கு வைத்தியம் பார்க்கவைத்து, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அடுத்த விடுமுறையில் சென்னையில் எந்தச் சபைக்குப் போனாலும் அதே பேச்சுதான். எத்தனை துப்பாக்கி, கண்ணைக் கட்டினார்களா, அடித்தார்களா என்று மயிலாப்பூரிலும் அடையாறிலும் விசாரித்தார்கள். நானும் கம்பீரமாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு பாலவாக்கத்துக்குக் கன்னியம்மாவைப் பார்க்கப் போனோம். ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். நான் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவள் வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே கேட்டாள். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆளு பொழச்சிக்கினானா?"

"பொழச்சிட்டான்மா."

"அது போதும்" என்று துண்டுகளைப் பையில் போட்டவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அங்கயும் போய் முட்டி போட்டியா நைனா?"

இதைப் பியூலாவிடம்கூட நான் சொன்னதில்லை. சபைகளிலும் சொன்னதில்லை. பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். கன்னியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டேன்" என்றேன்.

பியூலா நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாள். இந்தத் தடவை கைப்பை எதுவும் தேவைப்படவில்லை. இப்போதெல்லாம் காங்கோவில் எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமலே எங்கள் பெண் குரல் கொடுக்கிறாள்: "அப்பா, முட்டி போட்டுட்டுச் சீக்கிரம் கிளம்புங்க, கேஸ் வந்திருக்கு."