மரியாதை தெரிந்த புல்

“நன்றின்னு மட்டும் சொல்லிடாதடி. சொன்னா பட்டுப்போயிடும்.”

“சொல்லாம எப்படி வாங்கறது, லவோன்? வாய் தானா சொல்லிடுதே.”

“வாயை மூடிக்கிட்டு வாங்கு. செடி குடுத்தவளுக்கு நன்றி சொல்லக் கூடாது. எங்கம்மா காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

ஆர்டிஸ் வாயை மூடிக்கொண்டு வாங்கினாள். நெப்ராஸ்காக்காரிக்கு அது லேசான காரியமில்லை. கதவைத் தள்ளிவிட்ட காற்றுக்கும் நன்றி சொல்கிற ஊர் அது. பக்கத்து வீட்டு லவோன் நீட்டிய ஈரச்சாக்கில் ஒரு தூர் புல் இருந்தது. ஆளுயரத்தைத் தாண்டி வளரும். கதிர் மூன்று விரலாகப் பிரிந்து நிற்பதால் அதற்கு வான்கோழிக்கால் என்று பெயர். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்றாள் லவோன்.

ஆர்டிஸுக்கு வேண்டியதும் அதுதான். ஒமாஹாவில் இருக்கும் மகன் கர்ட், எழுபத்து மூன்று வயதில் உனக்குத் தனி வீடு எதற்கு, இங்கே முதியோர் குடியிருப்பில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஓதிக்கொண்டிருந்தான். தோட்டத்தைக்கூட உன்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பது அவன் கட்சி. பார்த்துக்கொள்ளவே வேண்டாத தோட்டம் இருந்தால் அவன் வாயை அடைத்துவிடலாம். கடைசிவரை அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

பின்வேலியை ஒட்டித்தான் நட்டாள். அடுத்த வசந்தத்தில் முளைத்தபோது வேலிக்கும் புல்லுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து போகலாம். அதற்கடுத்த வசந்தத்தில் அது துணிக்கொடிக் கம்பத்தைத் தாண்டியிருந்தது. தூரின் நடுப்பகுதி பட்டு ஓரம் தழைப்பது எங்கும் உள்ளதுதான். ஆனால் இதில் வீட்டைப் பார்த்த ஓரம் மட்டும் தழைத்தது.

காற்றே இல்லாத மத்தியானங்களில் அது சலசலத்தது. சலசலப்பு என்றும் சொல்ல முடியாது. ஏதோ சொல்ல வந்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பிறகு வேண்டாமென்று நின்றுவிடுவது போல இருக்கும். பாத்திரம் கழுவும்போது இரண்டு தடவை ஆர்டிஸ் “யாரு?” என்று கேட்டேவிட்டாள்.

கர்ட்டிடம் அதைச் சொன்னதுதான் தப்பாய்ப் போயிற்று.

“அம்மா, புல்லு நடந்து வருதுன்னா சொல்ற?”

“நடந்துன்னு சொல்லலைடா. கிட்ட வந்திருக்குன்னு சொன்னேன்.”

அந்த வாரமே அவன் லவோனின் கணவர் க்ளென்னைக் கூப்பிட்டு, அம்மா ஏதாவது ஏறுமாறாக நடந்தால் உடனே தனக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டான். க்ளென் வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர். சரி என்றார். அதில் ஒன்று செலவாயிற்று.

இனிமேல் ஓசைப்படாமல் முடிக்க வேண்டும் என்று ஆர்டிஸ் மண்வெட்டியை எடுத்தாள். தூரை மூன்றாகப் பிளந்தவளுக்கு அதைத் தூக்கிப் போடத் தெம்பில்லை. விழுந்த இடத்திலேயே மூன்றும் வேர்விட்டன. அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால், மூன்று பேர் தோளோடு தோள் உரசி நின்று அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

ஏப்ரலில் நெருப்பு வைத்தாள். கொடிக்கயிறும் கராஜ் கதவின் பெயின்ட்டும் கருகின. க்ளென் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்து அணைத்தார். பிறகு சட்டைப்பையில் கைபேசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். பத்தே நாளில் புல் முன்னைவிடக் கரும்பச்சையாக எழுந்தது. சமவெளித் தீயைத் தின்றே வளர்ந்த பரம்பரைக்கு அவள் விருந்து வைத்திருந்தாள்.

அப்போதுதான் நன்றியின் ஞாபகம் வந்தது. ஓர் ஆப்பிள் கேக் செய்து தட்டோடு எடுத்துக்கொண்டு லவோன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அந்தப் புல்லுக்கு ரொம்ப நன்றி, லவோன்.”

லவோன் சிரித்தாள். “இப்படிப் பல்லைக் கடிச்சிக்கிட்டுச் சொன்னா எதுடி சாகும்? மனசாரச் சொல்லணும்.”

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது அந்த ஊரிலும் வழக்கமில்லை. மறுநாள் காலை கேக் தட்டு ஆர்டிஸின் பின்வாசல் படியில் இருந்தது. அதில் நாலாவது தூர்.

அக்டோபருக்குள் வீட்டுக்கும் புல்லுக்கும் பத்தடிகூட இல்லை. யோசித்தால் அதுவும் ஊர்க்காரர்களைப் போலத்தான். யாருக்கும் தொந்தரவு தரக் கூடாதென்று வெளியிலேயே நிற்கும். வா என்றால்தான் உள்ளே வரும். ஆர்டிஸ் வா என்று சொல்லவில்லை. ஜன்னலுக்குக் கனத்த திரை தைத்துப் போட்டாள். கராஜுக்குப் போகும்போதும் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு ஒமாஹா போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது பனி விழத் தொடங்கியிருந்தது. திரைக்குப் பின்னால் கனைப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜனவரியில் ஒரு மத்தியானம், மூன்று மணி இருக்கும். கராஜ் ஃப்ரீஸரிலிருந்து இறைச்சி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தித் திரும்புவதற்குள் வெள்ளைப் பனிக்காற்று எல்லாவற்றையும் அழித்துவிட்டது. வீடு இல்லை, வேலி இல்லை, நீட்டிய கை இல்லை. இருபது எட்டுத்தான் தூரம். அவள் அறுபது எட்டு நடந்தும் எதிலும் முட்டவில்லை. அந்த ஊரில் வருஷத்துக்கொருவர் இப்படித் தன் வாசலுக்கு முன்னால் விறைத்துக் கிடப்பது உண்டு. முகம் மரத்துப்போனது. இறைச்சிப் பொட்டலம் எப்போதோ விழுந்துவிட்டது.

இடது பக்கம் யாரோ கனைத்தார்கள்.

கையை நீட்டினாள். காய்ந்த புல்தாள்கள் உள்ளங்கைக்குள் வந்தன. பிடித்துக்கொண்டாள். அடுத்த தூர். அதற்கடுத்தது. கடைசித் தாளை விடாமல் இழுத்துக்கொண்டே ஓரடி வைத்தபோது முழங்கால் பின்வாசல் படியில் இடித்தது.

“நன்றி,” என்றாள். நெஞ்சிலிருந்து வந்த சொல். திரும்ப எடுக்க முடியாது.

உள்ளே போய்ப் பார்த்தால் கையுறை போட்ட கைக்குள் ஒரு பிடி புல், மூன்று விரல் கதிர்களோடு. எறிய மனம் வரவில்லை. “சரி, வா,” என்று சொல்லிக் காப்பி டப்பாவில் செருகி அடுக்களை மேசைமேல் வைத்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் நன்றாகவே போயிற்று. அவள் சாப்பிடும்போது டப்பாவில் மெல்லச் சலசலக்கும். அவளும் பதில் சொல்வாள். அம்மாவின் குரலில் தெம்பு வந்திருக்கிறது என்று கர்ட்டே ஒப்புக்கொண்டான். ஈஸ்டருக்கு நேரில் வருவதாகவும், எல்லாம் ஒழுங்காக இருந்தால் இனி ஒமாஹா பேச்சையே எடுப்பதில்லை என்றும் சொன்னான்.

மார்ச்சில் பனி உருகியபோது தோட்டத்தில் நாலு சாம்பல்நிறக் கட்டைகள், இரண்டு விரல் உயரத்தில். ஒரு பச்சைத் துளிர்கூட இல்லை. ஆர்டிஸ் நின்று பார்த்தாள். மூன்று வருஷமாக வேண்டியது நடந்துவிட்டது, ஆனாலும் குனிந்து ஒரு கட்டையைத் தடவிக்கொடுத்தாள். வேலிப்பலகை அடிக்க வந்த க்ளென்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“நான்தான் கொன்னுட்டேன், க்ளென். ஜனவரிப் பனிப்புயல்ல இதைப் புடிச்சுக்கிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். மனசார நன்றி சொல்லிட்டேன்.”

க்ளென் தொப்பியைக் கழற்றினார். அடுத்த வருஷத்து வார்த்தைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பேசினார்.

“நீங்க ஒண்ணும் கொல்லலை. உங்களுக்குத்தான் பிடிக்கலையேன்னு, நீங்க ஒமாஹா போயிருந்தப்பவே அடியோட அறுத்து, வேருக்கு மருந்து ஊத்தி, அறுத்ததையெல்லாம் அன்னைக்கே எரிச்சுட்டேன். ஜனவரில இங்க புல்லே கிடையாது.”

திறந்திருந்த பின்வாசல் வழியாக, அடுக்களையில் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். க்ளென்னின் கை மெல்லச் சட்டைப்பைக்குப் போயிற்று.

“க்ளென்,” என்றாள் ஆர்டிஸ், “கர்ட்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”